கார்ன் பாம்பு, கிங் பாம்பு: வளர்ப்பதில் என்ன வித்தியாசம்? ஊருக்குக் கொண்டுவரலாமா?

காயல்பட்டினத்துக்காரர்கள் பல தலைமுறையாக வியாபாரத்துக்குக் கடல் கடந்து போகிறவர்கள். அவர்கள் குடியிருக்கும் ஹாங்காங்கிலும், போய்வரும் பாங்காக்கிலும் செல்லப்பிராணிக் கடைகளில் கண்ணாடிப் பெட்டிக்குள் வண்ணப் பாம்புகள் விற்கின்றன. ‘வாப்பா, இது கடிக்காதாம். ஊருக்கு ஒண்ணு வாங்கிட்டுப் போலாமா?’ என்று பிள்ளை கேட்டால் என்ன பதில் சொல்வது?

கடைகளில் அதிகம் விற்பவற்றில் இரண்டு, கார்ன் பாம்பும் கிங் பாம்பும். இரண்டும் அமெரிக்காவைச் சேர்ந்தவை. இரண்டுக்கும் விஷம் இல்லை. ஆனால், இரண்டின் குணமும் வேறு.

பெயரிலேயே வித்தியாசம்

சோளக் களஞ்சியங்களில் எலி பிடிக்க வந்ததால் ‘கார்ன்’ என்ற பெயர் வந்ததாகச் சொல்வார்கள். நம்மூர் சாரைப்பாம்பு செய்யும் அதே வேலை. கிங் பாம்போ மற்ற பாம்புகளையே விழுங்கும். நம் ராஜநாகத்துக்கு அந்தப் பெயர் வந்த காரணமும் இதுதான். ஆனால் ராஜநாகத்துக்குக் கொடிய விஷம் உண்டு. கிங் பாம்பு விஷமே இல்லாமல் இரையை இறுக்கிக் கொல்லும். அமெரிக்காவின் விஷப் பாம்பான கிலுகிலுப்பை விரியனைக்கூட அது விட்டுவைக்காது. அந்த விஷத்தைத் தாங்கும் சக்தி அதற்கு உண்டு.

வளர்ப்பில் என்ன மாறும்?

துணை: கிங் பாம்பைக் கண்டிப்பாகத் தனியாகத்தான் வைக்க வேண்டும். ஜோடியாக விட்டால் ஒன்று மற்றொன்றின் வயிற்றுக்குள் போய்விடலாம். கார்ன் பாம்பு இந்த அளவுக்கு மோசமில்லை. என்றாலும் தனியாக இருப்பதே அதற்கும் நல்லது.

உணவு: இரண்டுக்கும் உறையவைத்து இளக்கிய எலிதான். வளர்ந்த பாம்புக்கு வாரம் அல்லது இரண்டு வாரத்துக்கு ஒருமுறை போதும். கிங் பாம்புக்கு எப்போதும் பசிதான். எலி வாசனையுள்ள கையை இரை என்று நினைத்துக் கவ்விக்கொள்ளும், சட்டென்று விடாது. கார்ன் பாம்பு பொதுவாகச் சாது.

பெட்டி: கார்ன் பாம்பு ஏறும், அதற்குக் கிளை வேண்டும். கிங் பாம்பு தரையில் பதுங்கும். சிறு இடுக்கு கிடைத்தாலும் இரண்டும் வெளியேறிவிடும்.

வெப்பம்: பெட்டியின் ஒரு பக்கம் 28 முதல் 30 டிகிரி, மறுபக்கம் 24 டிகிரி அளவில் இருக்க வேண்டும். காயல்பட்டினத்துக் கோடையில் சூடாக்க விளக்கு வேண்டாம். குளிர்ந்த மூலைக்குத்தான் திண்டாட வேண்டும்.

ஆயுள் 15 முதல் 20 ஆண்டு. அதாவது, இன்று கேட்கும் பிள்ளைக்குக் கல்யாணம் ஆகும் வரை பாம்பும் வீட்டில் இருக்கும்.

தப்பித்துப் போனால்?

ஸ்பெயினுக்குச் சொந்தமான கிரான் கனேரியா தீவில் இதுதான் நடந்தது. வளர்ப்பிலிருந்து வெளியேறிய கலிஃபோர்னியா கிங் பாம்புகள் அங்கே பெருகின. அவை பரவிய இடங்களில், அந்தத் தீவுக்கே உரிய ராட்சதப் பல்லி 90 சதவீதத்துக்கு மேல் குறைந்துவிட்டதாக 2021-ல் வெளியான ஆய்வு சொல்கிறது.

நம்மூரில் இன்னொரு ஆபத்தும் உண்டு. கருப்பு உடம்பில் வெள்ளைப் பட்டை போட்ட கிங் பாம்பு, இருட்டில் பார்க்கிறவருக்குக் கட்டுவிரியன் மாதிரியே தெரியும். ‘நம்ம பாம்புதானே’ என்று கட்டுவிரியனைக் கையில் எடுத்தால் உயிருக்கே ஆபத்து.

சட்டம் என்ன சொல்கிறது?

வெளிநாட்டு உயிரினத்தை இந்தியாவுக்குக் கொண்டுவர வெளிநாட்டு வர்த்தகத் தலைமை இயக்குநரகத்தின் உரிமம் வேண்டும். நோய்த்தடுப்புச் சோதனையும் உண்டு. பையில் போட்டு எடுத்துவந்தால் அது கடத்தல். 2023 ஜனவரியில் சென்னை விமான நிலையத்தில், பாங்காக்கிலிருந்து வந்து கேட்பாரற்றுக் கிடந்த பைகளில் 45 பந்து மலைப்பாம்புகளும் 8 கார்ன் பாம்புகளும் சிக்கின. அவை பாங்காக்குக்கே திருப்பி அனுப்பப்பட்டன.

2024-ல் வந்த பதிவு விதிகள், ‘சைட்டிஸ்’ என்ற சர்வதேச ஒப்பந்தப் பட்டியலில் உள்ள உயிரினங்களுக்கானவை. பந்து மலைப்பாம்பு அதில் உண்டு. கார்ன், கிங் பாம்புகள் இல்லை. ‘அப்போ வளர்க்கலாம்ல?’ என்று கேட்டால், பட்டியலில் இல்லை என்பதற்காக இறக்குமதி உரிமம் வேண்டாம் என்று ஆகிவிடாது.

‘சரி, நம்ம சாரைப்பாம்பை வளர்க்கலாமே’ என்றால் அதுவும் முடியாது. வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அதைப் பிடிப்பதே குற்றம்.

ஏற்கெனவே யாரிடமாவது இந்தப் பாம்பு இருந்து, வளர்க்க முடியாமல் போனால், தேரிக்காட்டிலோ குளத்தங்கரையிலோ விட்டுவிடக் கூடாது. வனத்துறையிடம்தான் சொல்ல வேண்டும்.