புத்தாண்டு உறுதிமொழிக்கு முன் காக்க வேண்டியவை

புத்தாண்டு உறுதிமொழி என்பது, தம்மிடம் இல்லாத ஒரு பழக்கத்தை ஆண்டின் முதல் நாளிலிருந்து கைக்கொள்வதாகவோ இருக்கும் ஒன்றை விட்டொழிப்பதாகவோ ஒருவர் தமக்குத் தாமே கொடுத்துக்கொள்ளும் வாக்கு. ஆண்டுத் தொடக்கத்தையும் வாக்களித்தலையும் இணைக்கும் வழக்கம் பழையது. பண்டைய உரோமில் கி.மு. 153 முதல் ஜனவரி 1 அன்று பதவியேற்ற கான்சல்கள் எனும் ஆட்சித்தலைவர்கள், அரசின் நலனுக்காகத் தெய்வங்களுக்கு நேர்த்திக்கடன் நேர்ந்தனர். 1755இல் மதபோதகர் ஜான் வெஸ்லி லண்டனில் தொடங்கிவைத்த, இறைவனுக்குத் தம்மை ஒப்புக்கொடுக்கும் உடன்படிக்கை வழிபாடு, பிற்காலத்தில் மெதடிஸ்ட் திருச்சபைகளில் புத்தாண்டுக் காலத்து வழிபாடாக நிலைபெற்றது. இவ்விரண்டிலும் மனிதர் தமக்கு மேலான ஒன்றிடம் வாக்களித்தார். அவருடன் ஒரு சமூகமும் நின்றது. இன்றைய உறுதிமொழியிலோ வாக்கைக் கொடுப்பவரும் பெறுபவரும் தவறும்போது தண்டிப்பவரும் ஒருவரே.

இந்தத் தனிமை உறுதிமொழியின் உள்ளடக்கத்தையும் மாற்றிவிட்டது. டிசம்பர் இறுதியில் எழுதப்படும் பட்டியல்களில் இடம்பெறுபவை பெரும்பாலும் குறைகளே: எடை கூடிவிட்டது, தூக்கம் கெட்டுவிட்டது, கைப்பேசி கையை விட்டு இறங்குவதில்லை, பணம் சேரவில்லை. எட்டு மணிக்குள் முடிந்துவிடும் இரவு உணவு, வண்டி எடுக்காமல் கடைத்தெருவுக்கு நடந்தே சென்றுவருதல், சர்க்கரை நோய்க்கான மாத்திரையை வேளை தவறாமல் உட்கொள்ளுதல், வாரம் ஒருமுறையேனும் உடன்பிறந்தவரிடம் மனம்விட்டுப் பேசுதல் என ஆண்டு முழுவதும் நடந்துவந்த நல்லவை அந்தப் பட்டியலில் ஒரு வரிகூடப் பெறுவதில்லை. ஏற்கெனவே இருப்பதாலேயே அவை கண்ணில் படுவதில்லை. கண்ணில் படாததால் அவற்றுக்குக் காவலும் இல்லை. புத்தாண்டின் முதற்பணி இவற்றைக் காப்பதே. அப்படிக் காக்கும் மனநிலை, தன்மீது கொள்ளும் அன்பிலிருந்தே பிறக்கிறது.

உறுதிமொழிகள் அனைத்தும் வீண் என்று சொல்லிவிடுவது எளிது. ஆனால் அது உண்மையன்று. அமெரிக்க உளவியலாளர் ஜான் நார்கிராஸ் 1980களில் உறுதிமொழி எடுத்த 200 பேரைத் தொடர்ந்து கவனித்தபோது, முதல் வாரத்தின் முடிவில் 77 விழுக்காட்டினரும் இரண்டு ஆண்டுகளின் முடிவில் 19 விழுக்காட்டினரும் சொன்ன சொல்லைக் காத்திருந்தனர். 2002இல் வெளிவந்த அவரது மற்றோர் ஆய்வில், உறுதிமொழி எடுத்தவர்களில் 46 விழுக்காட்டினர் ஆறு மாதங்களுக்குப் பின்னும் வெற்றியுடன் தொடர்ந்தனர். மாறும் விருப்பம் இருந்தும் உறுதிமொழி எடுக்காதவர்களிலோ 4 விழுக்காட்டினரே வெற்றிகண்டனர். ஆகவே ஒரு நாளைக் குறித்துக்கொண்டு தொடங்குவதில் ஆற்றல் இருக்கவே செய்கிறது. எனினும் எத்தகைய இலக்கு என்பது முடிவைப் பாதிக்கிறது. ஸ்வீடனில் 1,066 பேரிடம் நடத்தப்பட்டு 2020இல் வெளியான ஆய்வில், புதிதாக ஒன்றைச் சேர்த்துக்கொள்ளும் இலக்கை வைத்தவர்களில் 58.9 விழுக்காட்டினர் ஓராண்டின் முடிவில் தாங்கள் வென்றதாகக் கருதினர். ஒன்றை விட்டொழிக்கும் அல்லது தவிர்க்கும் இலக்கை வைத்தவர்களில் இது 47.1 விழுக்காடாக இருந்தது.

பழக்கம் எப்படி உருவாகிறது என்பதை அறிந்தால், அதைக் காப்பது ஏன் தனிக் கவனத்துக்குரியது என்பது விளங்கும். ஒரே சூழலில் ஒரே செயல் திரும்பத் திரும்பச் செய்யப்படும்போது, அந்தச் சூழலே செயலைத் தூண்டும் குறியாகிவிடுகிறது. நாளடைவில் முடிவெடுக்கும் முயற்சி குறைந்து, செயல் தானாக நிகழத் தொடங்குகிறது. லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் பிலிப்பா லாலியும் உடனாய்வாளர்களும் 96 பேரை 12 வாரங்கள் கவனித்து ஆராய்ந்ததில், ஒரு செயல் இவ்வாறு தானாக நிகழும் நிலையை எட்ட ஆகும் காலத்தின் இடைநிலை அளவு 66 நாட்கள் என்று தெரிந்தது. ஆளையும் செயலையும் பொறுத்து இது 18 நாட்கள் முதல் 254 நாட்கள் வரை வேறுபட்டது. இருபத்தொரு நாளில் எந்தப் பழக்கமும் படிந்துவிடும் என்று பரவலாகச் சொல்லப்படுவது, மேக்ஸ்வெல் மால்ட்ஸ் என்ற ஒட்டுறுப்பு அறுவை மருத்துவர் 1960இல் வெளியிட்ட நூலில், மாற்றங்களுக்கு மனம் பழகக் குறைந்தது 21 நாட்களாவது ஆகிறது என எழுதியதிலிருந்து திரிந்து வந்தது. லாலியின் ஆய்வில் இன்னொரு செய்தியும் உண்டு. அது போதிய அளவு பேசப்படுவதில்லை. இடையில் ஒரு நாள் தவறவிட்டவர்களின் பழக்கம், அதனால் குறிப்பிடத்தக்க அளவு பின்னடையவில்லை.

சூழலின் வலிமையைத் தமிழ்நாட்டில் மார்கழி மாதம் ஆண்டுதோறும் காட்டுகிறது. மற்ற மாதங்களில் ஆறரை மணிக்கும் எழ முடியாதவர்கள் மார்கழியில் ஐந்து மணிக்கு முன்பே எழுந்து, வாசல் தெளித்துக் கோலமிட்டுக் கோயிலுக்குச் சென்றுவருகிறார்கள். கோயில் ஒலிபெருக்கியும், எதிர் வீட்டு வாசலில் கோலமாவுடன் குனிந்திருக்கும் பெண்ணும், காத்திருக்கும் வெண்பொங்கலும் அவர்களை எழுப்புகின்றன. தை பிறந்ததும் தூண்டுகுறிகள் மறைகின்றன. எழுவதும் பலருக்கு நின்றுபோகிறது. இதை மனவுறுதியின் குறைவு என்று கருதுவது பிழை. தை மாதத்திலும் அந்த அதிகாலை வேண்டுமென்றால், அண்டை வீட்டாருடன் நடைக்குச் செல்ல ஒரு நேரத்தைக் குறித்துக்கொள்வதுபோல், மறைந்த குறிக்கு மாற்றாக வேறொன்றை அமைத்துக்கொள்ள வேண்டும்.

இருப்பதைக் கைவிட்டால் எவ்வளவு இழக்கிறோம் என்பதற்கு, 1966இல் அமெரிக்காவின் டல்லாஸ் நகரில் நடந்த ஆய்வைவிடத் தெளிவான சான்று அரிது. இருபது வயதுள்ள ஐந்து ஆரோக்கியமான இளைஞர்கள் மூன்று வாரங்கள் படுக்கையிலேயே வைக்கப்பட்டனர். கடும் உழைப்பின்போது ஒரு நிமிடத்தில் உடல் பயன்படுத்தக்கூடிய உச்ச ஆக்சிஜன் அளவே இதயமும் தசைகளும் சேர்ந்து காட்டும் திறனுக்கு அளவுகோல். அந்த அளவு அவர்களிடம் கால் பங்குக்கும் மேல் சரிந்தது. முப்பது ஆண்டுகளுக்குப் பின், அதே ஐவரும் ஐம்பது வயதை எட்டியிருந்தபோது மீண்டும் பரிசோதிக்கப்பட்டனர். முப்பது ஆண்டு முதுமை அவர்களது திறனைக் குறைத்த அளவைவிட, இருபது வயதில் படுத்திருந்த அந்த மூன்று வாரங்கள் குறைத்த அளவு அதிகமாக இருந்தது! அதன்பின் ஆறு மாதங்கள் படிப்படியாக உயர்த்தப்பட்ட மிதமான பயிற்சியை அவர்கள் மேற்கொண்டபோது, உச்ச ஆக்சிஜன் அளவு இருபது வயதில் படுக்கைக்கு முன்பிருந்த நிலைக்கே திரும்பியது. நாள்தோறும் நடக்கும் ஒருவர், அதைப் பெரிதாக எண்ணாவிட்டாலும், இந்தச் சரிவைத் தடுத்து நிறுத்திக்கொண்டிருக்கிறார். இடையில் விட்டுவிட்டவருக்கும் வழி அடைபட்டுவிடுவதில்லை.

இருப்பதைச் சிறிது என்று ஒதுக்கும் மனப்பான்மைக்கு, வெளியிலிருந்து வந்த எண்களும் காரணமாகின்றன. நாளொன்றுக்கு 10,000 அடிகள் என்ற இலக்கு, 1965இல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த அடியளவி ஒன்றின் பெயரோடு தோன்றியது. ஹார்வர்டைச் சேர்ந்த ஐ-மின் லீயின் குழு, சராசரி வயது 72 கொண்ட 16,741 பெண்களிடம் நடத்தி 2019இல் வெளியிட்ட ஆய்வில், நாளொன்றுக்குச் சுமார் 2,700 அடிகள் நடந்தவர்களோடு ஒப்பிட, 4,400 அடிகள் நடந்தவர்களிடம் இறப்பு விகிதம் 41 விழுக்காடு குறைவாக இருந்தது. சுமார் 7,500 அடிகளுக்கு மேல் அந்த வேறுபாடு வளரவில்லை. காய்கறி வாங்கவும் பேரக்குழந்தையைப் பள்ளிக்கு அழைத்துச் செல்லவும் நாலாயிரம் அடி நடக்கும் மூதாட்டியிடம், பத்தாயிரத்தை எட்டவில்லையே என்று வருந்தச் சொல்வது அநீதி.

இங்கேதான் தன்மீதான அன்பு பேசப்பட வேண்டியதாகிறது. ஒருமுறை தவறியபின் மனிதர் தம்மிடம் எப்படி நடந்துகொள்கிறார் என்பதை உளவியலாளர்கள் நெடுங்காலமாக ஆராய்ந்து வருகின்றனர். 1975இல் பீட்டர் ஹெர்மனும் டெபோரா மேக்கும் வெளியிட்ட ஆய்வில், உணவுக் கட்டுப்பாட்டில் இருந்தவர்கள், கட்டுப்பாட்டை மீறிப் பால்குளிர்பானம் அருந்த நேர்ந்தபின், அருந்தாதிருந்த அத்தகையோர் உண்டதைவிட அதிகமாக ஐஸ்கிரீம் உண்டனர். தலைக்கு மேல் வெள்ளம் போனபின் சாண் என்ன, முழம் என்ன என்னும் மனநிலை இது. போதைமீட்பு ஆய்வாளர் ஆலன் மார்லட், ஒரு முறை நழுவுவதையும் பழைய நிலைக்கே முழுமையாகத் திரும்பிவிடுவதையும் பிரித்துக் காட்டினார். முதலாவது இரண்டாவதாக மாறுவதற்கு, நழுவியவர் அதைத் தம் குணத்தின் இழிவாகக் கருதிக் குற்றவுணர்வில் மூழ்குவது முக்கியக் காரணம் என்பது அவரது விளக்கம்.

இதற்கு மாற்றாக உளவியலாளர் கிறிஸ்டின் நெஃப் 2003இல் வகுத்த கருத்து தன்பரிவு எனப்படும். துன்பத்திலும் தோல்வியிலும் ஒருவர் தம்மைக் கடிந்துகொள்ளாமல் கனிவுடன் நடத்துதல், இத்தகைய தவறு மனிதர் அனைவருக்கும் பொது என உணர்தல், நேர்ந்ததை மிகைப்படுத்தாமலும் மறைக்காமலும் உள்ளபடியே காணுதல் என்னும் மூன்றும் சேர்ந்ததே அது. கனிவு காட்டினால் சோம்பல் வளரும் என்ற அச்சம் இயல்பானது; பிள்ளைகளை வளர்ப்பதிலும் தலைமுறை தலைமுறையாக அந்த அச்சமே கோலோச்சி வந்திருக்கிறது. ஆய்வுகள் அதற்கு மாறாகவே பேசுகின்றன. கிளேர் ஆடம்ஸும் மார்க் லியரியும் 2007இல் வெளியிட்ட ஆய்வில், உணவுக் கட்டுப்பாடுள்ள மாணவிகள் டோநட் உண்டபின், அதற்காகத் தங்களைக் கடிந்துகொள்ள வேண்டாம் என்று சொல்லப்பட்டவர்கள், அவ்வாறு சொல்லப்படாதவர்களைவிடக் குறைவாகவே இனிப்பு உண்டனர். கனடாவில் நடத்தப்பட்டு 2010இல் வெளியான ஆய்வொன்றில், முதல் தேர்வுக்குப் படிப்பதைத் தள்ளிப்போட்டதற்காகத் தம்மை மன்னித்துக்கொண்ட மாணவர்கள், அடுத்த தேர்வுக்குக் குறைவாகவே தள்ளிப்போட்டனர். தன்னைக் கடிந்துகொள்ளும் மனநிலை வாரக்கணக்கில் நீங்காமல், தூக்கத்தையும் பசியையும் எதிலும் உள்ள ஈடுபாட்டையும் அழித்துக்கொண்டிருந்தால், அது மனச்சோர்வு நோயாக இருக்கலாம்; மருத்துவரை நாட வேண்டும். இந்திய அரசின் டெலி மானஸ் உதவி எண்ணான 14416இல் தமிழிலும் இலவசமாகப் பேசலாம்.

நன்றாக வேரூன்றிய பழக்கமும் இடம்பெயர்ந்தால் ஆட்டங்காணும். பணியிட மாற்றம், திருமணம், குழந்தைப்பேறு, ஓய்வுபெறுதல், உற்றவரின் மறைவு ஆகியவை பழைய தூண்டுகுறிகளை ஒரே வீச்சில் அகற்றிவிடுகின்றன. அலுவலகப் பேருந்தைப் பிடிக்க நாள்தோறும் ஒரு கிலோமீட்டர் நடந்தவர் ஓய்வுபெற்ற மறுநாளே அந்த நடையை இழக்கிறார். இழந்தது அவருக்கே தெரிவதில்லை. வரும் ஆண்டில் இத்தகைய மாற்றம் எதிர்ப்படும் என்று தெரிந்தவர்கள், புதிய உறுதிமொழி எதையும் சேர்க்காமல், இருக்கும் இரண்டு மூன்று நல்ல பழக்கங்களைத் தாளில் எழுதி, ஒவ்வொன்றும் எந்த நேரத்தையும் இடத்தையும் யாருடைய துணையையும் நம்பி நிற்கிறது என்று குறித்துக்கொள்வது பயன் தரும். அப்போது எது அறுந்துபோகும் என்பது முன்கூட்டியே தெரியும். அதற்கு மாற்றும் முன்கூட்டியே கிடைக்கும்.

இவையெல்லாம் ஒருவருடைய நேரம் அவருடைய கையில் இருந்தால் மட்டுமே நடக்கக்கூடியவை என்பதை மறைக்க முடியாது. தன்னைப் பேணுவதைத் தன்னலமாகக் காணும் குடும்ப வழக்கம் பெண்களையே மிகுதியும் வருத்துகிறது: எல்லோரும் உண்டபின் மிஞ்சியதை உண்பது, மருத்துவரைப் பார்ப்பதைப் பிள்ளைகளின் தேர்வு முடியும்வரை ஒத்திவைப்பது, விருந்தினர் வந்தால் முதலில் தம் நடைப்பயிற்சியை விடுவது ஆகியவை தியாகம் என்று போற்றப்படுகின்றன. உளவியலாளர் எரிக் ஃப்ராம் 1956இல் வெளிவந்த ‘அன்பெனும் கலை’ நூலில், தன்மீதான அன்பும் பிறர்மீதான அன்பும் ஒன்றையொன்று விலக்குபவை அல்ல என்று வாதிட்டார். தன்னலம் தன்மீதான அன்பின் மிகுதியன்று, அதன் இன்மையே என்பது அவர் கருத்து. வீட்டில் ஒரு பெண் பல மாதங்களாக விடாமல் காத்துவரும் அரைமணி நேர நடையோ வாசிப்போ உண்டென்றால், இந்த ஜனவரியில் தமக்கென ஓர் உறுதிமொழியைத் தேடும் கணவரும் பிள்ளைகளும் அந்த அரைமணி நேரம் அடுப்படிப் பொறுப்பைத் தாங்கள் ஏற்று, அவருடைய பழக்கம் குலையாமல் காத்துத் தர வேண்டும்.