சொன்ன பிள்ளைக்கு யார் துணை?

வகுப்பறை வாசல் – 9

‘யாராவது வம்புக்கு இழுத்தால் டீச்சரிடம் சொல்லு’ என்று எல்லாப் பிள்ளைகளுக்கும் சொல்லி அனுப்புகிறோம். சொன்ன பிறகு பெரியவர்கள் என்ன செய்வார்கள் என்பதை மட்டும் எந்தப் பிள்ளைக்கும் சொல்வதில்லை.

2023 ஆகஸ்ட்டில் நாங்குநேரியில் நடந்தது நினைவிருக்கும். பிளஸ் டூ மாணவர் ஒருவர், உடன்படித்த ஆதிக்கச் சாதி மாணவர்களின் தொல்லை தாங்காமல் பள்ளிக்குப் போவதையே நிறுத்தியிருந்தார். பள்ளியில் காரணம் கேட்டார்கள், சொன்னார். அதன் பிறகு, அந்த மாணவர்கள் இரவில் வீடு புகுந்து அவரை அரிவாளால் வெட்டினார்கள். தடுக்க வந்த தங்கையையும் விடவில்லை. நாம் எதைச் செய்யச் சொல்லி வளர்க்கிறோமோ, அதைத்தான் அவர் செய்திருந்தார். அவர் சொன்னதற்கும் வெட்டு விழுந்ததற்கும் நடுவே இருந்த நேரம் பெரியவர்களின் பொறுப்பில் இருந்த நேரம்.

இதையடுத்து, மாணவர்களிடையே சாதி மோதலைத் தடுக்க வழி சொல்ல, ஓய்வுபெற்ற நீதிபதி கே. சந்துரு தலைமையில் ஒருநபர் குழுவைத் தமிழக அரசு அமைத்தது. 2024 ஜூனில் குழு அறிக்கை கொடுத்ததும் வண்ணக் கயிறு, நெற்றித் திலகம், பள்ளிப் பெயர்களில் ஒட்டியிருக்கும் சாதி ஆகியவை பற்றியே விவாதம் நடந்தது. எனக்கு முக்கியமாகப் பட்டது வேறொரு பரிந்துரை: 500 பேருக்கு மேல் படிக்கும் பள்ளிகளில் ‘பள்ளி நல அலுவலர்’ ஒருவர் வேண்டும் என்பது. பாடம், தேர்வு, பதிவேடு என்று ஓடும் ஆசிரியர், புகாரையும் போகிற போக்கில்தான் விசாரிக்க முடியும். வகுப்பிலேயே எழுப்பி, ‘இவன் சொல்கிறானே, உண்மையா?’ என்று கேட்டுவிட்டால், சொன்ன பிள்ளை அங்கேயே மாட்டிக்கொள்கிறது.

பின்லாந்தில் துர்கு பல்கலைக்கழகம் உருவாக்கிய ‘கிவா’ திட்டம் இந்த இடத்தைத்தான் கவனமாகக் கையாள்கிறது. பள்ளிக்கென்று சிறு ஆசிரியர் குழு உண்டு. பாதிக்கப்பட்ட பிள்ளையிடம் முதலில் தனியாகப் பேசுகிறார்கள். தொல்லை கொடுத்தவர்களிடம் பிறகு ஒவ்வொருவராகப் பேசுகிறார்கள். வகுப்பில் மதிப்புள்ள சில மாணவர்களை அழைத்து, அந்தப் பிள்ளையோடு சேர்ந்திருக்கச் சொல்கிறார்கள். சில வாரங்களில் மீண்டும் கூப்பிட்டு, தொல்லை நின்றதா என்று கேட்கிறார்கள். திட்டத்தை வழிநடத்திய கிறிஸ்டினா சால்மிவல்லியின் ஆய்வுகள், சுற்றி நிற்பவர்களின் சிரிப்பே கொடுமைக்குத் தெம்பு தருகிறது என்று காட்டியவை. சிரிக்காமல் இருப்பதும், அடிபட்டவன் பக்கத்தில் போய் உட்காருவதும் அங்கே மாணவர்கள் பழகும் நடத்தை.

சாதி வன்மத்தை இந்த முறை மட்டுமே தீர்த்துவிடாது. அதன் வேர் வீட்டிலும் ஊரிலும் இருக்கிறது. வெட்டுக்குத்து என்றால் காவல்துறைதான் வர வேண்டும். ஆனால் முதல் கேலி தொடங்கும்போதே பிடிக்க இது உதவும்.

நம் அரசுப் பள்ளிகளில் ‘மாணவர் மனசு’ என்ற புகார்ப் பெட்டி இருக்கிறது. 14417, 1098 உதவி எண்கள் இருக்கின்றன. அடுத்த பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் பெற்றோர்கள் கேளுங்கள்: பெட்டியை யார் திறக்கிறார்கள்? எத்தனை நாளுக்கொரு முறை? எழுதிய பிள்ளையின் பெயர் யாருக்கெல்லாம் தெரியும்? அன்று மாலை அந்தப் பிள்ளை வீடு போய்ச் சேர்ந்ததா என்று பார்ப்பவர் யார்?

மாணவர்களுக்கு நடத்தை விதிகளை அச்சடித்துக் கையெழுத்து வாங்கும் பள்ளிகள், இந்தக் கேள்விகளுக்கான பதிலையும் எழுதி, தலைமை ஆசிரியரின் கையெழுத்தோடு பெற்றோருக்குக் கொடுக்கட்டும். ‘தைரியமாகச் சொல்லு’ என்று ஒரு பிள்ளையிடம் கேட்கும் உரிமை அதற்குப் பிறகுதான் நமக்கு வரும்.

(தொடரும்)