ஆறும் சோறும் – 14: தூண்டிலை மட்டும் நம்பினால் உலை கொதிக்காது

ஒகேனக்கலில் அருவிக்குப் போகிற வழியெல்லாம் மீன் வறுக்கிற வாசனைதான். மிளகாய் மசாலா பூசிய துண்டுகளைத் தட்டில் அடுக்கிவைத்துக்கொண்டு பெண்கள் கூப்பிடுவார்கள். வருகிறவர்கள் கேட்கிற முதல் கேள்வி, “அக்கா, ஆத்து மீனா, டேம் மீனா?” பதிலும் மாறாது: “ஆத்து மீன்தாங்க, சாப்பிட்டுப் பாருங்க.”

அந்தத் தட்டில் இருக்கும் கட்லாவும் ரோகுவும் மிருகாலும் கங்கைச் சமவெளியின் மீன்கள். மீன்வளத் துறை குஞ்சு விட்டு வளர்த்தவை. ஜிலேபி ஆப்பிரிக்காவிலிருந்து வந்தது. இவற்றைப் பெரும்பாலும் பிடிப்பது வலை. 1934இல் கட்டி முடித்த மேட்டூர் அணை நிரம்பினால் நாகமரை, ஒட்டனூர் வரை தண்ணீர் ஏறி நிற்கும். பரிசலில் போய் சாயங்காலம் வலை விரித்து விடியலில் எடுப்பது அங்கே தனித் தொழில். தூண்டில்காரர் வேறு ஆள். பாறைக்கும் சுழலுக்கும் நடுவே வாளையையும் கெளுத்தியையும் ஆராலையும் ஒவ்வொன்றாகப் பிடிக்கிறவர். இந்த வாரம் அவரைப் பற்றி.

முதலீடு என்று பார்த்தால் சொற்பம்தான். ஒரு மூங்கில் கழி, கொஞ்சம் தங்கூஸ் நரம்பு, நாலைந்து அளவில் முள், ஈயக்குண்டு. கழியே இல்லாமல் பிளாஸ்டிக் பாட்டிலில் தங்கூஸைச் சுற்றிக் கையாலேயே வீசுகிறவர்களும் உண்டு. இரைதான் கணக்கு. கெண்டை வகைக்கு மாவு உருண்டை. கேழ்வரகு மாவைக் கிளறி, ஆறவிட்டு, விரலில் ஒட்டாத பதத்துக்கு வரும்வரை பிசைய வேண்டும். இளகினால் ஓடுகிற தண்ணீர் கரைத்துவிடும். இறுகினால் மீன் வாயில் வைத்துத் துப்பிவிடும். கெளுத்திக்கு மண்புழு. வாளைக்குச் சின்ன மீனையே முள்ளில் கோக்க வேண்டும். வீசிய பிறகு தங்கூஸை ஆள்காட்டி விரலின் மேல் போட்டுக்கொண்டு உட்காருவார்கள். தண்ணீரின் இழுப்பு எது, மீனின் கொத்தல் எது என்று அந்த விரலுக்குத் தெரியும். தெரியாதவன் முள்ளைப் பாறை இடுக்கில் சிக்கவைத்து அறுத்துவிட்டு எழுந்து போவான். காவிரி இங்கே பாறையைக் குடைந்துகொண்டு ஓடுகிறது. முள் செலவு கைதேர்ந்தவருக்கும் தப்பாது.

ஆனால் இவருடைய வரும்படியைத் தீர்மானிப்பது கைத்திறன் இல்லை, கர்நாடகத்து அணைகளின் மதகு. கபினியிலும் கிருஷ்ணராஜசாகரிலும் திறக்கிற தண்ணீரை மத்திய நீர் ஆணையம் எல்லையில் இருக்கும் பிலிகுண்டுலுவில் அளக்கிறது. 2018 பிப்ரவரி 16 அன்று உச்ச நீதிமன்றம் தமிழகத்துக்கு ஆண்டுக்கு 177.25 டிஎம்சி என்று சொன்னதும் அந்த அளவுகோலை வைத்துத்தான். பிலிகுண்டுலுவில் எண் ஏறினால் டெல்டா விவசாயி சந்தோஷத்தோடு பார்க்கிறார். தூண்டில்காரருக்கு எண் ஏறினால் தொழில் போச்சு. செந்நிறமாகப் பெருகி வரும் வெள்ளத்தில் முள் நிற்காது, மீனுக்கு இரை தெரியாது, கரையில் உட்காரவும் விடமாட்டார்கள். பல வருடங்களில் இது ஆடிப்பெருக்கை ஒட்டியே வந்து தொலைக்கிறது. கூட்டம் வரவேண்டிய நேரத்தில் குளிக்கத் தடை, பரிசலுக்கும் தடை. 2024இல் ஜூலை 30 அன்று மேட்டூர் நிரம்பியது. 2025இல் ஜூன் மாதமே நிரம்பிவிட்டது. செய்தித்தாளுக்கு நல்ல செய்தி.

அதனால் தூண்டில் போடுவதை மட்டுமே தொழில் என்று சொல்லிக்கொள்ள இந்தப் பக்கம் ஆள் கிடைப்பது அபூர்வம். பரிசல் ஓட்டுவார், குளிக்க வருகிறவர்களுக்கு எண்ணெய் தேய்த்துவிடுவார், கட்டட வேலைக்கு பெங்களூரு போவார், அணை வற்றினால் வெளியே வந்த நிலத்தில் எதையாவது விதைப்பார். நடுவில் தூண்டில். பிடித்த மீனுக்கும் காசாக்கத் தெரிந்த கை வேண்டும். அது பெரும்பாலும் வறுத்து விற்கிற பெண்ணின் கை. மீனை அப்படியே விற்பதில் இல்லை, மசாலா பூசி எண்ணெயில் வறுத்த பிறகுதான் லாபம். தூண்டில்காரரின் பெயர் அந்தக் கணக்கில் எங்கேயும் வராது.

தூண்டிலுக்கு மாதச் சம்பளம் கிடைத்த காலமும் இதே ஆற்றில் இருந்தது, சற்று மேலே. மேகேதாட்டுக்கும் மேலே கர்நாடகக் காட்டில் பீமேஸ்வரி, தொட்டமக்களி, கலிபோரே என்று முகாம்கள். 1946இல் கபினியில் வான் இங்கன் என்பவர் பிடித்த 120 பவுண்டு மகசீர் மீனின் புகழைக் கேட்டு வெள்ளைக்காரர்கள் வந்தபடி இருந்தார்கள். பிடித்து, எடைபோட்டு, படமெடுத்து, திரும்ப ஆற்றில் விடுவதுதான் விளையாட்டு. எந்த மடுவில் மீன் நிற்கும் என்று சொல்ல உள்ளூர் ஆட்கள் தேவைப்பட்டார்கள். முன்பு வெடி போட்டு மீன் பிடித்தவர்கள் சிலரே வழிகாட்டிகளாகவும் காவலாகவும் ஆனார்கள். செத்த மீனுக்கு ஒருதரம்தான் விலை. உயிரோடு விட்ட மீனுக்கு வருடா வருடம் கூலி. இதைவிட எளிமையாக யாரும் அவர்களுக்குச் சூழலியல் பாடம் எடுத்திருக்க முடியாது.

ஆனால் அந்தக் காடு சரணாலயம். வனவிலங்குச் சட்டப்படி அங்கே தூண்டில் கூடாது என்று 2012 வாக்கில் முகாம்களில் மீன்பிடிப்பு நின்றது. சட்டம் சொன்னது சரியா தவறா என்று இரண்டு கட்சி உண்டு. எனக்குக் கவலை அந்த வழிகாட்டிகளைப் பற்றி. அவர்களுக்கு மாற்றாக என்ன வேலை என்பதை முன்கூட்டியே யோசித்திருக்க வேண்டும். இன்னொன்றும் உண்டு. கலிபோரேயில் 1998 முதல் 2012 வரை யார் என்ன பிடித்தார்கள் என்று நோட்டில் எழுதிவந்திருந்தார்கள். ஆய்வாளர்கள் அதைப் புரட்டியபோதுதான், காவிரியின் சொந்த மீனான திமில் மகசீர் அருகிப்போய், வெளியிலிருந்து கொண்டுவந்து விட்ட நீலத்துடுப்பு மகசீர் இடத்தைப் பிடித்துக்கொண்டது தெரிந்தது. 2018இல் திமில் மகசீர் மிக அபாயத்தில் உள்ள உயிரினங்களின் பட்டியலில் சேர்ந்தது. ஆராய்ச்சிக்கு உதவியவை தூண்டில்காரர்களின் கணக்குகள்!

சரி, தூண்டிலுக்குக் கோடிகள் புரளும் நாட்டில் எப்படி? அமெரிக்காவில் ரே ஸ்காட் 1968இல் பாஸ் மீன் பிடிப்பவர்களுக்கென்று ஒரு சங்கம் தொடங்கினார். 1971இல் மீட் ஏரியில் நடந்த முதல் பாஸ்மாஸ்டர் கிளாசிக் போட்டியில் பாபி மர்ரி ஜெயித்து 10,000 டாலர் வாங்கினார். இன்று பரிசு லட்சங்களில். ஆனால் பெரும்பாலான போட்டிகளில் இறங்கவே கட்டணம். படகு, எரிபொருள், தங்குமிடம் எல்லாம் கைக்காசு. பரிசு மேல்தட்டுக்குள் வருகிற சிலருக்குத்தான். மற்றவர்களைக் காப்பாற்றுவது படகுக் கம்பெனியும் தூண்டில் கம்பெனியும் சட்டையில் ஒட்டுகிற விளம்பரமும், விடுமுறையில் வழிகாட்டியாகப் போகிற கூலியும்தான். அங்கேயும் மீன் சோறு போடுவதில்லை. ஒகேனக்கல்காரருக்குப் பரிசல், அமெரிக்கருக்கு விளம்பரம். பக்கவருமானம் இல்லாமல் இருவருக்கும் நடக்காது.

தருமபுரிக் கரையில் அந்தக் கர்நாடக முகாம்களைப் போல ஒன்று வரும் என்று எதிர்பார்க்க வேண்டாம். 2022 நவம்பரில் கிருஷ்ணகிரி, தருமபுரி மாவட்டக் காடுகள் 686 சதுர கிலோமீட்டருக்குக் காவிரி தெற்கு வனவிலங்குச் சரணாலயமாகிவிட்டன. ஆனால் மடுக்களையும் மீன் நடமாட்டத்தையும் அறிந்த ஆட்கள் ஊட்டமலையிலும் ஒகேனக்கலிலும் இப்போதும் இருக்கிறார்கள். மகசீரைக் கணக்கெடுக்கவும் வெடிக்காரர்களைக் கண்காணிக்கவும் வனத்துறையும் மீன்வளத் துறையும் அவர்களைச் சம்பளத்துக்கு எடுக்கலாம். மேலே அந்த முகாம்களில் இது நடத்திப் பார்த்த காரியம்தான், புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. பென்னாகரம் சட்டமன்ற உறுப்பினர் இதைப் படித்தால் ஒரு கேள்வியாகவாவது எழுப்பட்டும்.