கடைக்கு ஒரு கணக்கு, வீட்டுக்கு ஒரு கணக்கு

டிசம்பர் கடைசி வாரம் வந்துவிட்டால் எனது புடைவைக் கடையில் ஒரு வழக்கம் இருக்கிறது. இரவு எட்டு மணிக்குக் கதவை மூடிவிட்டு, வேலை செய்யும் பிள்ளைகளோடு நானும் நிலத்தில் உட்கார்ந்து சரக்கு எண்ணுவேன். சாரம், சேட்டுத் துணி, அபாயா, பாடசாலைச் சீருடை, கட்டில் விரிப்பு என்று தட்டுத் தட்டாக இறக்கி, எண்ணி, கொப்பியில் எழுதி, மறுபடியும் அடுக்கி வைப்போம். இதற்கு மூன்று இரவுகள் போகும். நான்காம் இரவு நான் தனியே இருந்து வருமதி, கொடுமதி, கையிருப்பு எல்லாவற்றையும் கூட்டிக் கழித்துப் பார்ப்பேன். முப்பது வருடமாக இதைத் தவறாமல் செய்து வருகிறேன்.

ஆனால் இந்த முப்பது வருடத்தில் வீட்டுக்கென்று ஒரு தடவையேனும் இவ்வாறு உட்கார்ந்து கணக்குப் பார்த்ததில்லை. இவ்வருடம்தான் பார்த்தேன். பார்க்க வைத்தவர்கள் எனது பிள்ளைகள் இருவர். அதனால் நான் படித்துக்கொண்டதை எமது சகோதர வியாபாரிகளோடு பகிர்ந்துகொள்ளலாம் என்று நினைக்கிறேன். சொல்ல வெட்கமான விடயங்களும் இதில் உண்டு. ஆனால் அவற்றை விட்டுவிட்டு எழுதினால் யாருக்கும் பயன் இல்லை.

மகள் கேட்ட கேள்வி

எனது இரண்டாவது மகள் உயர்தரத்தில் வர்த்தகப் பிரிவில் படிக்கிறார். கணக்கீடு அவருக்கு ஒரு பாடம். வருடத் தொடக்கத்தில் ஓர் இரவு, கொப்பியும் கையுமாக என்னிடம் வந்தார்.

"வாப்பா, கடையில உங்கட சம்பளம் எவ்வளவு?"

எனக்குச் சிரிப்பு வந்தது. "முதலாளிக்கு ஏது மகள் சம்பளம்? கடையில இருக்கிற எல்லாம் நம்மடதுதானே" என்றேன்.

"அப்படி எழுதினா எங்கட டீச்சர் மாக்ஸ் தர மாட்டா வாப்பா. கடை வேற, கடைக்காரர் வேற. நீங்க வீட்டுக்கு எடுக்கிறது எடுப்பனவு. அத எழுதி வைக்கோணும்."

நான் எழுதி வைத்ததில்லை. எனது வாப்பாவும் எழுதி வைத்ததில்லை. லாச்சியைத் திறந்து மீனுக்கு எடுப்போம், மின்சாரப் பட்டியலுக்கு எடுப்போம், டியூசன் காசுக்கு எடுப்போம், கலியாண வீட்டுக்குப் போகும்போது கவருக்குள் வைக்க எடுப்போம். வீட்டில் துணி தேவையென்றால் தட்டிலிருந்து இரண்டு மீற்றர் வெட்டிக் கொடுப்போம். யாரும் கேட்பதில்லை, நாமும் சொல்வதில்லை.

மகள் ஒரு சிறிய கொப்பியை லாச்சிக்குள் வைத்துவிட்டார். ஒரு மாதம் மட்டும், வீட்டுக்கு எடுக்கும் ஒவ்வொரு சதத்தையும் அதில் எழுத வேண்டும் என்பது உடன்பாடு. மாத முடிவில் கூட்டிப் பார்த்தோம். நான் மனதில் வைத்திருந்த தொகையைப் போல் ஏறத்தாழ இரு மடங்கு வந்தது. வீண் செலவு என்று ஒன்றைக்கூட என்னால் காட்ட முடியவில்லை. எல்லாம் நியாயமான செலவுகளே. அளவு தெரியாமல் எடுத்ததுதான் பிழை.

ஏழு இலட்சம் எங்கே போனது?

நம்மில் அநேகர் புறக்கோட்டையில் காசு கொடுத்துச் சரக்கு எடுப்பதில்லை. கெய்சர் வீதியில் திகதி போட்ட காசோலையைக் கொடுத்துவிட்டு மூடைகளை ஏற்றிக்கொண்டு வருகிறோம். அறுபது நாள், தொண்ணூறு நாள் தவணை. அந்தத் திகதி வரும்போதுதான் நெஞ்சு படபடக்கும். மகளின் கொப்பியை வைத்துக்கொண்டு இதை ஓர் உதாரணமாகப் போட்டுப் பார்த்தேன். தொகைகளை விளங்குவதற்காகச் சுருக்கியிருக்கிறேன்.

தொண்ணூறு நாள் தவணையில் 10 இலட்சத்துக்குச் சரக்கு எடுக்கிறோம். மூன்று மாதத்தில் அதில் 6 இலட்சம் பெறுமதியானது 7½ இலட்சத்துக்கு விலைபோகிறது. அதில் 1 இலட்சம் கடன் கொப்பியில். கைக்கு வந்த காசு 6½ இலட்சம். கடை வாடகை, வேலையாட்களின் சம்பளம், மின்சாரம் என்று 1½ இலட்சம் போகிறது. வீட்டுக்கு 2 இலட்சம் எடுக்கிறோம். மிச்சம் 3 இலட்சம். காசோலையோ 10 இலட்சத்துக்கு. ஏழு இலட்சம் குறைகிறது.

அந்த ஏழு எங்கே? 4 இலட்சம் தட்டில் துணியாக இருக்கிறது. 1 இலட்சம் கடன் கொப்பியில் இருக்கிறது. மீதி 2 இலட்சம் வீட்டுக்குப் போய்விட்டது. இலாபமாக வந்த 1½ இலட்சம் கடைச் செலவுக்கே சரியாகிவிட்டது. ஆகவே வீட்டுக்கு எடுத்த 2 இலட்சம் இலாபம் அல்ல, மொத்த வியாபாரிக்குச் சேர வேண்டிய காசு. "வியாபாரம் நல்லாத்தானே போகுது, காசு எங்க போகுதெண்டு தெரியல்ல" என்று நாம் சொல்லிக்கொள்வதற்கு இதுதான் விடை.

தட்டில் இருக்கும் துணியைக் காசு என்று நம்புவதும் ஆபத்து. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலோடு வந்த வெள்ளத்தில் பல ஊர்களில் கடைகளின் சரக்கு நீரில் போனது. சரக்கு நனைந்தது என்பதற்காகக் காசோலையின் திகதி தள்ளிப் போகாது.

பெருநாளும் புத்தாண்டும்

எமது வியாபாரத்துக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. ஹிஜ்ரி வருடம் ஆங்கில வருடத்தைவிடப் பத்து, பதினொரு நாட்கள் குறைவு. எனவே நோன்புப் பெருநாள் வருடா வருடம் முன்னுக்கு வருகிறது. 2024 இல் பெருநாளும் சித்திரைப் புத்தாண்டும் ஏப்ரலில் ஒரே வாரத்தில் வந்தன. ஒரே கொள்வனவில் இரு பருவத்தையும் பார்த்தோம். 2025 இல் பெருநாள் மார்ச் முடிவுக்கு வந்துவிட்டது. போகப் போக இரண்டுக்கும் இடைவெளி கூடும். பெருநாளுக்கு ஒரு கொள்வனவு, புத்தாண்டுக்கு இன்னொரு கொள்வனவு என்றாகும். பழைய திகதிகளையே மனதில் வைத்துக் காசோலை எழுதினால், சரக்கு விற்று முடியும் முன்பே திகதி வந்து நிற்கும். நாட்காட்டியை முன்னால் வைத்துக்கொண்டுதான் இனிக் காசோலைப் புத்தகத்தைத் திறக்க வேண்டும்.

மகன் மறைத்த விடயம்

2022 ஆம் ஆண்டை யாரும் மறந்திருக்க மாட்டோம். மார்ச் மாதத் தொடக்கத்தில் இருநூறு ரூபா அளவில் இருந்த டொலர், மே மாதத்தில் முந்நூற்று அறுபதைத் தொட்டது. நான் பழைய விலைக்கு வாங்கிய துணியைப் பழைய இலாபம் வைத்தே விற்றேன். விற்ற காசோடு மறுபடியும் வாங்கப் போனபோது, முன்பு எடுத்த அளவில் பாதிதான் கிடைத்தது. கையில் காசு கூடியது போல் தெரிந்தது, கடை சுருங்கியது. ஒரு காசோலை திரும்பி வந்தது. மனைவியின் காப்புகளை அடகு வைத்து அதைச் சரிக்கட்டினேன். பிள்ளைகளுக்கு ஒன்றும் தெரியக்கூடாது என்று இருவரும் பேசிக்கொண்டோம். பிள்ளைகளுக்குத் தெரியாது என்றே இவ்வளவு காலமும் நினைத்துக்கொண்டிருந்தேன்.

மகன் எட்டாம் வகுப்பு. அவரது பெற்றோர் கூட்டங்களுக்கு எப்போதும் மனைவிதான் போவார். இவ்வருடம் ஒரு கூட்டத்தன்று மனைவிக்குச் சுகமில்லை. அரை மனதோடு நான் போனேன். வகுப்பாசிரியை சொன்னார்: "இவர் பலகையைப் பார்த்து எழுதுறதே இல்ல. பக்கத்துப் பிள்ளைட கொப்பியப் பார்த்துத்தான் எழுதுறார். கண்ணைக் காட்டினீங்களா?"

அடுத்த நாள் காட்டினோம். தூரப் பார்வை நல்ல குறைவு. எவ்வளவு காலமாக இப்படி என்று கேட்டேன். ஐந்தாம் வகுப்பிலிருந்தே சரியாகத் தெரியவில்லையாம். ஏன் சொல்லவில்லை என்று கேட்டதற்கு மகன் தலையைக் குனிந்துகொண்டு சொன்னார்:

"நீங்க போன்ல சல்லி இல்ல, சல்லி இல்லண்டு சொல்லிட்டிருந்தீங்க வாப்பா. அதான் சொல்லல்ல."

அதைக் கேட்டு நான் அப்படியே நின்றுவிட்டேன். வியாபாரிகளுக்குச் சொல்லத் தேவையில்லை, அந்தப் பேச்சை யாரிடம் பேசுவோம் என்று. காசு கேட்டு வரும் விற்பனைப் பிரதிநிதியிடம் பேசுவது. இருந்தாலும் இல்லை என்போம், அடுத்த கிழமை வரச் சொல்வோம். அது எமக்கு ஒரு பழக்கம், அவருக்கும் அது தெரியும். ஆனால் பக்கத்தில் புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டிருந்த பிள்ளைக்குத் தெரியவில்லை. மூன்று வருடம் பலகை தெரியாமல் படித்திருக்கிறார். கண்ணாடிக்குப் போன செலவு, அந்த மாதம் நான் விலைபோகாமல் கழித்துவிட்ட துணியின் பெறுமதியைவிடக் குறைவு.

உண்மையான கணக்கை வீட்டாருக்குச் சொல்லாவிட்டால், அவர்கள் தாமாக ஒரு கணக்கைப் போட்டுக்கொள்கிறார்கள். அது பெரும்பாலும் பிழையான கணக்காகவே இருக்கிறது. ஒரு வீட்டில் பிள்ளை தேவையை மறைக்கும். இன்னொரு வீட்டில், வாப்பாவிடம் அள்ள அள்ளக் குறையாது என்று நினைத்துச் செலவழிக்கும். இரண்டுக்கும் காரணம் எமது மௌனம்தான்.

இவ்வருடம் பிடித்துக்கொண்ட பழக்கங்கள்

ஒன்று, எனக்கு நானே சம்பளம் வைத்துக்கொண்டேன். மாதத்தின் முதல் வாரத்தில் ஒரே தொகை வீட்டுக் கணக்குக்குப் போகும். அதன் பிறகு லாச்சியை வீட்டுத் தேவைக்குத் திறப்பதில்லை. வீட்டுக்குத் துணி எடுத்தால் வாங்கிய விலைக்குப் பற்றுச்சீட்டு எழுதப்படும். மனைவி முதல் இரண்டு மாதமும் முறைத்துப் பார்த்தார். மூன்றாம் மாதம், "இப்பதான் கையில எவ்வளவு இருக்கெண்டு எனக்கே தெரியுது" என்றார்.

இரண்டு, காசோலைக்கென்று தனிக் குறிப்பேடு. மாதத்துக்கு ஒரு பக்கம். சென்ற வருடம் அதே மாதத்தில் விற்ற தொகையின் பாதிக்கு மேல் அந்த மாதத் திகதியில் காசோலை எழுதுவதில்லை. பக்கம் நிரம்பினால், எவ்வளவு மலிவாகத் தந்தாலும் சரக்கு எடுப்பதில்லை.

மூன்று, காசோலைத் திகதிக்கு ஒரு கிழமை முன்பே சரிபார்ப்பது. குறைகிறது என்று தெரிந்தால் அன்றே கொழும்புக்குத் தொலைபேசி எடுத்து, எவ்வளவு இருக்கிறது, எவ்வளவு குறைகிறது என்று உள்ளதைச் சொல்வது. "சல்லி இல்ல" என்ற பேச்சை விட்டுவிட்டேன்.

நான்கு, கடன் கொப்பியில் ஆளுக்கு ஓர் எல்லை. பழையது தீராமல் புதியது இல்லை. உறவுக்காரர்களுக்கும் இதே சட்டம்தான். இதில் இரண்டு பேர் என்னோடு கோபித்துக்கொண்டார்கள்.

ஐந்து, வந்த மாதத்தைத் துணியின் சீட்டிலேயே எழுதுவது. ஆறு மாதம் அசையாத சரக்கை வாங்கிய விலைக்கே தள்ளிவிடுவது. வருட இறுதியில் சரக்கு எண்ணுவதும், ஸகாத் கணக்குப் பார்ப்பதும் இதனால் இலகுவாகிறது. வரி வருடம் மார்ச் 31 இல் முடிவதால், டிசம்பரில் எண்ணி வைத்தவருக்கு மார்ச்சில் அந்தரப்படவும் தேவையில்லை.

ஆறு, இஷாவுக்குப் பிறகு வீட்டில் எல்லோரும் சேர்ந்து சாப்பிடுவது. அந்த நேரத்தில் தொலைபேசி வேறு அறையில் இருக்கும். மாதத்தில் ஒரு ஞாயிறு இரவு, சாப்பிட்ட பின் நான்கு தொகைகளை எல்லோர் முன்னாலும் வாசிப்பேன். விற்றது எவ்வளவு, கொடுக்க வேண்டியது எவ்வளவு, வர வேண்டியது எவ்வளவு, வீட்டுக்கு எடுத்தது எவ்வளவு. பத்து நிமிடத்துக்கு மேல் போகாது.

தவறிய இடங்கள்

எல்லாம் சரியாக நடந்தது என்று சொல்ல மாட்டேன். பெருநாளுக்கு ஒரே டிசைனில் அபாயாத் துணி அளவுக்கு மிஞ்சி எடுத்தேன். பக்கம் நிரம்பியிருந்தும் எடுத்தேன். இன்னும் தட்டில் கிடக்கிறது. உண்மையைச் சொன்ன எல்லோரும் தவணை தந்தார்கள் என்றும் இல்லை. ஒருவர் முடியாது என்று சொல்லிவிட்டார். விற்காத மூடைகளைத் திருப்பிக் கொடுத்து, அவரது காசோலையைத் திருப்பி வாங்க வேண்டியதாயிற்று. மனம் நோகத்தான் செய்தது. ஆயினும் காசோலை வங்கியிலிருந்து திரும்பி வந்து, அந்தச் செய்தி சந்தை முழுக்கப் பரவுவதைவிட அது எவ்வளவோ மேல். இரவுச் சாப்பாட்டுக்கு வீட்டுக்குப் போகாமல் கடையிலேயே நின்ற நாட்களும் பல.

எமது பிள்ளைகள் கடைக்கு வர விரும்புவதில்லை என்று சங்கக் கூட்டங்களில் குறைப்படுகிறோம். அவர்கள் கடையைப் பற்றிக் கண்டது என்ன? எமது களைப்பையும் கோபத்தையும், தொலைபேசியில் பேசும் பொய்யையும்தான். கணக்கைக் காட்டினால், இது அறிவால் செய்யும் தொழில் என்பதையும் காண்பார்கள். அதன் பிறகு வருவதும் வராததும் அவர்கள் விருப்பம்.

இவ்வருடம் நான்காம் இரவு நான் தனியே இருக்கவில்லை. மகன் கொப்பியிலிருந்து தொகைகளை வாசித்தார், மகள் கூட்டினார். மனைவியின் காப்புகளை மீட்ட செலவை எந்தக் கணக்கில் போடுவது என்று ஒரு வாக்குவாதம் வந்தது. "கடைக் கடனுக்காக வச்சது, கடைக் கணக்குலதான் போடோணும்" என்று மகள் பிடிவாதமாக நின்றார். அப்படியே போட்டோம்.

வாசகர்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள்தான். புது வருடத்துக்கென்று பெரிய தீர்மானம் எதுவும் வேண்டாம். கடையிலே கொப்பிகள் கிடக்கும். அதில் ஒன்றை எடுத்து லாச்சிக்குள் வையுங்கள். வீட்டுக்கு எடுப்பதை ஒரு மாதம் எழுதுங்கள். மாத முடிவில் வரும் தொகையை முதலில் மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் வாசித்துக் காட்டுங்கள்.