சால்னா கவரும் பிளாஸ்டிக் சாலையும்: உணவகக் குப்பையில் நம் பொறுப்பு

பசுமலையிலிருந்து திருப்பரங்குன்றம் போகும் சாலையில் இரவு ஒரு பரோட்டா கடை வாசலில் நின்று பாருங்கள். எச்சில் இலை, எலும்பு, சால்னா ஒட்டிய கவர், பேப்பர் கப், தண்ணீர் பாட்டில் என எல்லாம் ஒரே ட்ரம்மில் கிடக்கும். வண்டி வந்து அள்ளிச் சென்றதும் நம் கண்ணுக்கு அது முடிந்த கதை. ஆனால், மதுரையின் குப்பை போய்ச் சேரும் அவனியாபுரம் வெள்ளக்கல் பகுதியில் வசிப்பவர்களுக்கு அங்கேதான் பிரச்சினை தொடங்குகிறது.

இத்தனைக்கும், பிளாஸ்டிக் குப்பைக்கு நாடே திரும்பிப் பார்த்த ஒரு தீர்வு பசுமலைக்குப் பக்கத்திலேயே பிறந்தது. திருப்பரங்குன்றம் தியாகராசர் பொறியியல் கல்லூரியின் வேதியியல் பேராசிரியர் ராஜகோபாலன் வாசுதேவன், 2002-இல் கல்லூரி வளாகத்திலேயே பிளாஸ்டிக் கலந்த சாலையைப் போட்டுக் காட்டினார். ஜல்லியை சுமார் 160 முதல் 170 டிகிரி வரை சூடாக்கி, துண்டாக்கிய பிளாஸ்டிக்கைத் தூவினால் அது உருகி ஜல்லியின் மேல் மெல்லிய படலமாகப் படியும். அதன்பிறகு தாரைக் கலந்தால் பிடிப்பு கூடும். தண்ணீர் எளிதில் இறங்காது. 2018-இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது.

அப்படியானால் நம் கடைகளின் கவர்கள் ஏன் சாலையாகவில்லை? அதற்குத் தேவைப்படுவது சுத்தமான, உலர்ந்த பிளாஸ்டிக். சால்னாவும் சாம்பாரும் ஒட்டிய கவரைக் கழுவி, காயவைத்து, துண்டாக்க யாருக்கும் கட்டுப்படியாகாது. ஆக, மறுசுழற்சியின் வெற்றி தோல்வி தொழிற்சாலையில் அல்ல, கடையின் ட்ரம்மிலேயே தீர்மானமாகிவிடுகிறது.

சட்டம் என்ன சொல்கிறது?

2016-ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகள், எல்லா உணவகங்களும் குப்பையைத் தரம்பிரித்துக் கொடுக்க வேண்டும் என்றன. மட்கும் குப்பையை முடிந்தவரை தங்கள் இடத்திலேயே உரமாகவோ எரிவாயுவாகவோ மாற்ற வேண்டும் என்றும் கூறின. தமிழக அரசு 2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக் பொருட்கள் 14-க்குத் தடை விதித்தது. உணவு கட்டும் பிளாஸ்டிக் தாள், உறிஞ்சு குழல், பிளாஸ்டிக் பூசிய காகிதக் கோப்பை ஆகியவை அதில் அடங்கும். இவற்றைக் கடையில் வாங்காமல் இருப்பதே முதல் வேலை.

எடை போட்டுப் பாருங்கள்

ஐ.நா. சுற்றுச்சூழல் அமைப்பின் 2024 அறிக்கைப்படி, 2022-இல் உலகில் சுமார் 105 கோடி டன் உணவு வீணானது. அதில் 28 சதவீதம் உணவகம் போன்ற உணவுச் சேவைத் துறையைச் சேர்ந்தது. குப்பையில் மூடிக் கிடக்கும் உணவு காற்றில்லாமல் அழுகி மீத்தேன் வாயுவை வெளியிடுகிறது. வெள்ளக்கல் போன்ற கிடங்குகளில் தீப்பிடிக்கும் அபாயத்துக்கும் இது ஒரு காரணம்.

கடை நடத்தும் சகோதரர்கள் ஒரு வாரம் மட்டும் மூன்று வாளிகள் வைத்து எடை போட்டுப் பாருங்கள். சமையலறைக் கழிவு ஒன்றில், தட்டில் மிஞ்சியது இன்னொன்றில், விற்காமல் போனது மூன்றாவதில். முதல் வாளி நிறைந்தால் நறுக்குவதிலும் கொள்முதலிலும் குறை இருக்கிறது. இரண்டாவது நிறைந்தால் பரிமாறும் அளவு அதிகம். அரை பிளேட் வசதி வேண்டும். மூன்றாவது நிறைந்தால் காலையில் போடும் கணக்கே தவறு. குப்பையில் விழும் ஒவ்வொரு கிலோ அரிசியும் இறைச்சியும் நம் பணம்தான்.

எண்ணெயையும் மறக்கக் கூடாது. பொரித்து மிஞ்சிய எண்ணெயை மலிவாக வேறு கடைக்கு விற்பது பிறர் உடல்நலத்தோடு விளையாடுவதாகும். 2018 முதல், எண்ணெயில் கேடான சேர்மங்கள் 25 சதவீதத்தைத் தாண்டினால் அதைச் சமையலுக்குப் பயன்படுத்தக் கூடாது. அங்கீகரிக்கப்பட்ட சேகரிப்பாளரிடம் கொடுத்தால் அது பயோடீசலாகும்.

நம் பங்கு

பார்சல் வாங்கப் போகும் நாம் தூக்குவாளியோ டிபன் கேரியரோ எடுத்துச் செல்லலாம். அப்படி வருவோருக்குக் கடைக்காரர்கள் விலையில் சிறிது குறைத்துக் கொடுக்கலாம். வலீமா விருந்துகளில் வாழை இலையைப் பிளாஸ்டிக்கோடு கலக்காமல் ஒதுக்கினால் அது மாட்டுக்கோ உரக்குழிக்கோ போகும். மிஞ்சிய பிரியாணியை நள்ளிரவில் கெட்டுப்போகும் நேரத்தில் கொடுப்பது தர்மமாகாது. பந்தி முடிவதற்கு முன்பே, கை படாத சட்டியாகச் சூட்டோடு அனுப்பிவிட வேண்டும்.

வீண்விரயம் கூடாது என்பதை நாம் அனைவரும் அறிவோம். நம் சமுதாயத்தினர் பலர் உணவகத் தொழிலில் இருக்கிறார்கள். பசுமலை வீதியில் ஒரு கடை ட்ரம்மை இரண்டாகப் பிரித்து வைத்தால், அடுத்த கடையும் அதைப் பார்க்கும். அந்த முதல் கடை நம்முடையதாக இருக்கட்டும்.