ஆரணிக்குப் பக்கத்திலேயே தயாராகும் ரத்தப் புற்றுநோய் சிகிச்சை: 'சிடி19' புரதத்துக்கு இதில் என்ன வேலை?

ஆரணியில் பல வீடுகளில் 'வேலூர் போயிட்டு வர்றோம்' என்று சொன்னால், எதற்கு என்று யாரும் திருப்பிக் கேட்பதில்லை. சுமார் 40 கிலோமீட்டர் தூரத்தில் இருக்கும் சிஎம்சி மருத்துவமனைக்குத்தான். அங்கே ரத்தப் புற்றுநோய்க்கான ஒரு புதிய சிகிச்சையை வெளியே எந்தக் கம்பெனியிடமும் வாங்காமல், மருத்துவமனைக்குள்ளேயே தயாரித்து, நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்திருக்கிறார்கள். 2025 மே மாதம் ஐசிஎம்ஆர் இதன் முடிவுகளைப் பகிர்ந்தது. 'கார்-டி' எனப்படும் அந்தச் சிகிச்சை குறிவைப்பது, பி செல்களின் மேற்பரப்பில் இருக்கும் ஒரே ஒரு புரதத்தை. பெயர் சிடி19.

அது என்ன செய்கிறது?

பி செல்கள் எலும்பு மஜ்ஜையில் உருவாகும் வெள்ளை அணுக்கள். உடம்புக்குள் கிருமி வந்தால், அதற்கான ஆன்டிபாடி இவற்றின் வழியாகத்தான் கிடைக்கிறது. ஆனால், மேலே எது வந்து ஒட்டினாலும் பி செல் பொங்கி எழுந்தால் உடம்பு தாங்காது. வந்தது நிஜமாகவே எதிரிதானா என்று தெரிய வேண்டும். கிருமியின் மேல் உடம்பு ஏற்கெனவே ஒரு முத்திரை குத்தியிருந்தால், சிடி21 என்ற புரதம் அதைப் பிடித்துக்கொள்ளும். பக்கத்திலேயே இருக்கும் சிடி19 அந்தச் சிக்னலைப் பல மடங்கு கூட்டி செல்லுக்குள் அனுப்பும். ரேடியோவில் சத்தத்தைக் கூட்டும் திருகு மாதிரி.

திருகே இல்லாவிட்டால்? 2006-ல் துருக்கி, கொலம்பியாவைச் சேர்ந்த 4 பேரிடம் மருத்துவர்கள் இதைக் கண்டார்கள். மரபணுக் கோளாறால் அவர்களுக்கு சிடி19 இல்லை. பி செல்களின் எண்ணிக்கை சரியாகவே இருந்தது. ஆனாலும் ஆன்டிபாடி குறைவு, திரும்பத் திரும்பத் தொற்று, தடுப்பூசி போட்டும் சரியான பலன் இல்லை. மறுபக்கம், சிடி19 அளவுக்கு மேல் இருக்கும்படி வளர்க்கப்பட்ட எலிகளில், உடம்பே தன்னைத் தாக்கும் ஆன்டிபாடிகள் உருவாயின.

புற்றுநோய்க்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?

பி செல் பிறந்த கொஞ்ச நாளிலிருந்தே சிடி19-ஐச் சுமக்கிறது. மற்ற உறுப்புகளில் இது அநேகமாக இல்லை. பி செல் புற்றாக மாறினாலும் பெரும்பாலும் இந்த அடையாளம் போவதில்லை. குழந்தைகளுக்கு அதிகம் வரும் ஏ.எல்.எல். வகை ரத்தப் புற்றுநோயில் பெரும்பாலானவை பி செல் வகைதான்.

கார்-டி சிகிச்சையில் நோயாளியின் டி செல்களை எடுத்து, சிடி19-ஐக் கண்டுபிடிக்கும் ஏற்பியை மரபணு வழியாகப் பொருத்தி, பெருக்கி, திரும்ப உடம்பிலேயே ஏற்றுகிறார்கள். ஜக்கார்டு தறி பார்த்தவர்களுக்கு இது சட்டென்று புரியும். அட்டையில் துளை இருக்கும் இடத்தில்தான் பாவு நூல் மேலே எழும். அதேபோல சிடி19 இருக்கும் செல்லைத்தான் இந்த டி செல் தாக்கும். நல்ல பி செல், கெட்ட பி செல் என்று பிரித்துப் பார்க்க அதற்குத் தெரியாது. இரண்டும் காலியாகும். அதனால் சிகிச்சைக்குப் பிறகு ஆன்டிபாடி குறைந்து, சிலருக்கு அதை வெளியிலிருந்து ஏற்ற வேண்டியிருக்கும். முதல் சில நாட்களில் கடும் காய்ச்சல், ரத்த அழுத்தம் இறங்குவது போன்ற ஆபத்துகளும் உண்டு. ஊசி போட்டுக்கொண்டு அன்றே வீடு திரும்பும் விஷயம் இல்லை இது.

இனி பணம். 2017-ல் அமெரிக்கா அனுமதித்த முதல் கார்-டி மருந்தின் விலை 4,75,000 டாலர். ஐஐடி பாம்பே, டாடா மெமோரியல், இம்யூனோஆக்ட் சேர்ந்து உருவாக்கிய 'நெக்ஸ்கார்19' 2023 அக்டோபரில் இந்தியாவில் அனுமதி பெற்றது. 2024 ஏப்ரல் 4-ல் குடியரசுத் தலைவர் திரௌபதி முர்மு அறிமுகப்படுத்தினார். விலை 30 முதல் 40 லட்சம் ரூபாய் வரை என்று அப்போது பேசப்பட்டது. வெளிநாட்டோடு ஒப்பிட்டால் பத்தில் ஒரு பங்குதான். சேலைக்கு இவ்வளவு என்று கூலி வாங்கும் நெசவாளிக்கு அந்தப் பத்தில் ஒரு பங்கே எட்டாத தொகை. முதல்வர் காப்பீட்டுத் திட்டத்தின் வழக்கமான வரம்பு குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய்.

வேலூர் முடிவுகள் முக்கியமாவது இந்த இடத்தில்தான். செல்களை வேறு ஊருக்கு அனுப்பிக் காத்திருக்காமல், சுமார் 9 நாளில் அங்கேயே தயாரித்தார்கள். ரத்தப் புற்று முற்றியவர்களுக்கு அந்த நாட்கள் ரொம்பப் பெரியவை. பங்கேற்றது 10 பேர். ஏ.எல்.எல். இருந்த 6 பேருக்கும் நோய் அடங்கியது. லிம்போமா இருந்த 4 பேரில் 2 பேருக்கு. மொத்தத்தில் 80 சதவீதம் பேர் 15 மாதங்களுக்குப் பிறகும் புற்று இல்லாமல் இருந்தார்கள். நம்பிக்கை தரும் கணக்குதான். ஆனால் வெறும் 10 பேர் என்பதையும் மறக்கக் கூடாது.

இன்னொரு சிக்கலும் இருக்கிறது. சிலருக்குப் புற்றுசெல் சிடி19-ஐயே கழற்றிப் போட்டுவிட்டுத் திரும்ப வருகிறது. அட்டையில் துளையை அடைத்துவிட்டால் நூல் எழாது, அவ்வளவுதான். அதனால் ஆராய்ச்சியாளர்கள் பி செல்லின் மேலிருக்கும் இன்னொரு புரதத்தையும் சேர்த்துக் குறிவைத்துப் பார்க்கிறார்கள். அது சிடி22. சிடி19 சிக்னலைக் கூட்டுகிறது என்றால், சிடி22 அதைக் குறைக்கும் பிரேக்.