தங்கம் தேடும் பாலையில் பாம்பு

மேற்கு ஆஸ்திரேலியாவின் கால்கூர்லியில் 1893-இல் தங்கம் கிடைத்தது. அந்தச் செம்மண் வறள்காட்டில் இன்றும் மெட்டல் டிடெக்டரும் பிக்காசுமாகத் தங்கம் தேடிப் போகிறவர்கள் உண்டு. காதில் ஹெட்போன், கண்ணெல்லாம் தரையோடு நகரும் வட்டத் தட்டின் மேல். இரண்டடி தள்ளிப் புதரடியில் படுத்திருக்கும் பழுப்புப் பாம்பு அவர்கள் கண்ணில் படுவதே இல்லை.

அதனால் ஒரு காதையாவது திறந்து வைக்க வேண்டும்; அடிக்கடி நிமிர்ந்து சுற்றிலும் பார்க்க வேண்டும். உயரமான பூட்ஸ், தடித்த முழுக்கால்சட்டை அவசியம். கல்லையோ பழைய தகரத்தையோ வெறுங்கையால் புரட்டவே கூடாது. பாம்பைக் கண்டால் மெல்லப் பின்வாங்குங்கள். அதை அடிக்கப் போய்க் கடி வாங்கியவர்கள் நிறையப் பேர்.

கடித்துவிட்டால் ஓர் எட்டுகூட நடக்கக் கூடாது. கடிவாயைக் கழுவவும் வேண்டாம். அகலமான எலாஸ்டிக் பேண்டேஜைக் கடிவாயின் மேல் சுற்றி, பிறகு விரல்களிலிருந்து தொடங்கி அந்தக் கையோ காலோ முழுவதும் இறுக்கமாகச் சுற்றுங்கள். குச்சி வைத்து அசையாமல் கட்டுங்கள். அங்கே அவசர எண் 000. பாலைக்குள் மொபைல் சிக்னல் கிடைப்பது அரிது, சேட்டிலைட் போன் கையில் இருக்கட்டும்.

ஒன்றை மறக்க வேண்டாம்: இந்த இறுக்கக் கட்டு ஆஸ்திரேலியப் பாம்புகளுக்கானது. நம்மூர் விரியன் கடிக்கு இப்படிக் கட்டினால் கெடுதல். கடிபட்டவரை அசைய விடாமல், 108-ஐ அழைத்து, உடனே அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள்.